புழுங்கலரிசியும் புதிய கல்வியும்

ஆண்டுதோறும் நம் சங்க மலரில் மூவேந்தர் பெருமையும், புலவர் சிறப்பும், கோயில் வரலாறும் இடம்பெறுதல் வழக்கம். இவ்வாண்டு யாம் அடுக்களையின் வரலாற்றை எடுத்துக்கொண்டோம். இதற்குக் காரணம் உண்டு. தேர்வு முடிவு வெளியாகும் மாதங்களில் நம் காலனிப் பெற்றோர் சங்க அலுவலகத்திற்கு வந்து, "பெண் உணவியல் படிக்கப்போகிறேன் என்கிறாள், அது என்ன படிப்பு? அதைப் படித்தால் என்ன ஆகலாம்?" என்று வினவுகின்றனர். ஒரு வீட்டில் ஆயா ஒருவர், "களி கிண்டக் கத்துக்க ஒரு காலேஜா, கண்ணு?" என்று கேட்டுச் சிரித்தாராம். அந்தப் பெண்ணுக்கு உடனே விடை கூறத் தெரியவில்லை. கேட்டவர் மீதும் பிழையில்லை. திகைத்தவள் மீதும் பிழையில்லை. இக்கல்வியின் வரலாற்றை நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதே இல்லை. அதிலும், இந்திய நாட்டில் இவ்வியல் பிறந்தது நம் நீலகிரி மலைமேல் என்பதும், அது முதன்முதல் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று நம் சோற்றுப் பானை என்பதும் பலர் அறியாதவை.

வள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதன் பத்துக் குறள்களில் ஆறு, மருந்தைக் கூறாமல் உண்ணும் முறையையே கூறுகின்றன. இறுதிக் குறளில் நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவர் என நால்வகை உறுப்புக்களைக் காட்டுகிறார். உணவை அளந்து கொடுப்பவர் என்று ஒருவரைத் தனியே சொல்லவில்லை. அக்காலத்தில் அவ்வேலையை வீட்டுத் தாய்மாரே செய்தனர் போலும். அதனைத் தனித் தொழிலாக்கிய பெருமை இருபதாம் நூற்றாண்டைச் சேரும்.

நம் முன்னோர் இத்தங்கவயலுக்கு வந்த காலத்தை முதலில் எண்ணிப் பார்ப்போம். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே கால்கொண்டபின், வடார்க்காடு, சேலம், சித்தூர் ஆகிய பகுதிகளிலிருந்து நம் மக்கள் கூட்டங்கூட்டமாக வந்தனர். தட்டி வீடுகளில் குடியிருந்தனர். நாளடைவில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இறங்கிப் பாறையை உடைத்தனர். ஒரு டன் பாறையில் எத்தனை கிராம் பொன் உண்டு என்று அளப்பதற்கு அன்றே மேல்தளத்தில் ஆய்வுக்கூடம் இருந்தது. ஆனால் பாறையை உடைத்தவன் உண்ட சோற்றில் என்ன சத்து உண்டு என்று அளக்கும் கலையோ, உலகில் எங்குமே அப்போது முழுமையாகப் பிறந்திருக்கவில்லை. வைட்டமின் என்ற சொல்லே 1912ஆம் ஆண்டில்தான் காசிமிர் ஃபங்க் என்பவரால் உருவாக்கப்பட்டது.

ஊரில் கேழ்வரகுக் கூழும் களியும் உண்டு பழகியவர்கள் நம்மவர். இங்கே மாதக் கூலி கையில் வந்ததும் அரிசி வாங்கினர். அரிசிச் சோறு உண்பது உயர்வின் அடையாளம் என்று நம் வீட்டுப் பெரியோர் கருதியதை யாமே கேட்டிருக்கிறோம். விருந்தினர் வந்தால் களிப் பானையை மறைத்து வைத்த வீடுகளும் உண்டு. இச்செய்தியை மனத்திற்கொண்டு மேலே படித்தல் நலம்.

1918ஆம் ஆண்டில், குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையில், ராபர்ட் மக்காரிசன் என்னும் அயர்லாந்து நாட்டு மருத்துவர் 'பெரிபெரி ஆராய்ச்சி' என்ற பெயரில் ஒரு சிறு வேலையைத் தொடங்கினார். பெரிபெரி என்பது கால் மரத்து, வீங்கி, இதயம் தளர்ந்து உயிரைப் போக்கும் நோய். சென்னை மாகாணத்தின் வடசர்க்கார் மாவட்டங்களில் அது மிகுதி; தமிழ் மாவட்டங்களில் அருமை. இரு சாராரும் அரிசி உண்போரே. அவ்வாறாயின் வேறுபாடு எங்கிருந்து வந்தது?

இதற்கு விடை புழுங்கலரிசியில் இருந்தது. ஜாவாவில் எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிட்டோடு கூடிய அரிசியைத் தின்றவை நலமாயிருப்பதையும் 1890களிலேயே கண்டிருந்தார். பின்னர் 1929இல் நோபல் பரிசும் பெற்றார். பச்சை நெல்லை அப்படியே ஆலையில் தீட்டினால், மேல்தோலில் உள்ள பி1 என்னும் சத்து தவிட்டோடு போய்விடுகிறது. நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திப் பின்னர் குத்தினாலோ, அச்சத்து நீரோடு அரிசியின் உள்ளே இறங்கித் தங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி நிற்கிறது. வடசர்க்காரில் ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்டனர். தமிழ் மாவட்டங்களில் பெரும்பாலும் புழுங்கல் உண்டனர். நெல் அவித்த நம் பாட்டிமார் பி1 என்ற பெயரைக் கேட்டதில்லை. உமி எளிதில் நீங்கும், அரிசி நொறுங்காது என்பதற்காக அவித்தார்கள். காரணம் எதுவாயினும், அந்த அண்டாவும் அடுப்பும் எத்தனையோ உயிரைக் காத்தன.

குன்னூர் ஆராய்ச்சியின் கதை இடையூறில்லாமல் நடந்ததன்று. 1923இல் அரசாங்கம் சிக்கனம் கருதி அதனை அறவே நிறுத்திவிட்டது. 1925இல் மீண்டும் உயிர்பெற்றது. சில ஆண்டுகளில் 'ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடம்' என்னும் பெயரும் பெற்றது. அங்கே மக்காரிசன் செய்த ஒரு சோதனை நம்மவர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது. சற்றே மனத்தை உறுத்துவதும் ஆகும். எலிகளைக் குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவிற்குச் சீக்கியர் உணவு. ஒன்றிற்குப் பட்டாணியர் உணவு. இவ்வாறே மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர், சென்னை மாகாணத்தார் ஆகியோர் உணவுகளைத் தனித்தனியே ஊட்டினார். சில மாதங்கள் கழித்து நிறுத்துப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், தயிர், வெண்ணெய், பருப்பு, காய்கறி ஆகியவற்றைத் தின்ற சீக்கிய எலி சராசரியாகச் சுமார் 235 கிராம் இருந்தது. தீட்டிய அரிசி மிகுதியாகவும், பாலும் காய்கறியும் அரிதாகவும் பெற்ற 'மதராஸி' எலி சுமார் 155 கிராம். வரிசையில் கடைசி இடம். கன்னட எலி நமக்கு மேலே நின்றது. இதனைக் கன்னட நண்பரிடம் சொன்னால் அவர் முத்தேயைப் புகழத் தொடங்கிவிடுவார்; சொல்லாதிருப்பதே நலம்!

வேடிக்கை இருக்கட்டும். இச்சோதனையைக் கொண்டு ஓர் இனம் வலியது, ஓர் இனம் மெலியது என்று பேசினோர் அக்காலத்தில் உண்டு. அது பிழை. எலிகள் அனைத்தும் ஒரே வளர்ப்பைச் சேர்ந்தவை. மாறியது தட்டு மட்டுமே. ஆதலின் அச்சோதனை காட்டிய உண்மை இனத்தைப் பற்றியதன்று. பால் வாங்கப் பணம் உண்டா, தவிடு நீங்காத தானியம் கிடைக்கிறதா என்பதைப் பற்றியது. வறுமையின் எடையை முதன்முதல் தராசில் நிறுத்துக் காட்டிய சோதனை என்றே யாம் அதனைக் கொள்கிறோம்.

மக்காரிசன் 1935இல் விடைபெற்றார். பின்வந்த ஐக்ராய்டு என்பவரும் அயர்லாந்துத் தொடர்புடையவரே. இவர் எலிக்கூண்டை விட்டு வெளியே வந்து கடைத்தெருவைப் பார்த்தார். நம் நாட்டுத் தானியம், பருப்பு, கீரை, காய், மீன் எனப் பலவற்றையும் பகுத்தாய்ந்து, 1937இல் ஒரு சிறு அறிக்கை நூல் வெளியிடச் செய்தார். உணவியலார் கையிலிருந்து நீங்காத நூல் அது. அதன் வழிவந்ததுதான் கோபாலன், ராம சாஸ்திரி, பாலசுப்பிரமணியன் ஆகியோர் 1971இல் வெளியிட்ட 'இந்திய உணவுகளின் ஊட்டமதிப்பு' என்னும் நூல். 2017இல் 528 உணவுப் பொருள்களோடு புதிய அட்டவணையும் வந்துவிட்டது. 1971ஆம் ஆண்டு நூலில் ஓர் இடத்தைத் திறந்து பார்ப்போம். நூறு கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 344 மில்லிகிராம். நூறு கிராம் தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம். விருந்தினர் கண்ணில் படாமல் எந்தப் பானையை மறைத்தோம் என்பதை நினைத்துப் பாருங்கள்!

ஐக்ராய்டு வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்த குழுவிலும் இருந்தார். பின்னர் உலக உணவு வேளாண்மை நிறுவனத்தில் ஊட்டச்சத்துப் பிரிவின் முதல் தலைவரானார். குன்னூர்க் கூடம் 1958இல் ஹைதராபாத்திற்குப் பெயர்ந்தது. 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப்படுகிறது. அதன் தலைமையை 1962இல் ஏற்றவர் சேலத்தில் பிறந்து, சென்னையில் மருத்துவம் பயின்ற டாக்டர் சி. கோபாலன். 1918இல், அதாவது குன்னூர் அறை திறந்த அதே ஆண்டில் பிறந்தவர். நூறு வயது கடந்து 2019இல் மறைந்தார். இளமையில் உள்ளங்கால் எரிச்சல் நோயைப் பற்றி எழுதினார். பின்னர்ச் சோளம் உண்போரிடம் காணும் பெல்லாகரா நோயையும், குழந்தைகள் உடல் வீங்கி மெலியும் நோயையும் ஆராய்ந்தார். ஏழைக் குழந்தைக்கு விலையுயர்ந்த புரதப் பொடி வேண்டும் என்று உலகம் பேசிக்கொண்டிருந்த காலத்தில், வீட்டுச் சோறும் பருப்பும் வயிறு நிறையக் கிடைத்தாலே பெரும்பாலும் போதும் என்று அவர் வாதிட்டார். அவ்வாதம் பின்னர் நிலைபெற்றது. வைட்டமின் ஏ குறைவால் குழந்தைகள் கண் இழப்பதைத் தடுக்க, ஆறு மாதத்திற்கு ஒருமுறை அச்சத்தைப் பெருமளவில் ஊட்டும் முறை அந்நிறுவனத்தில் வளர்ந்து, 1970 முதல் நாடெங்கும் திட்டமாயிற்று.

இதுவரை கூறியது ஆராய்ச்சி. இனிக் கல்வியும் தொழிலும்.

மேனாட்டில் இத்தொழில் பெண்களால் பிறந்தது. எலன் ரிச்சர்ட்ஸ் என்னும் அமெரிக்க வேதியியல் அம்மையார், 1899 முதல் லேக் பிளாசிட் என்ற ஊரில் ஆண்டுதோறும் கூட்டங்கள் நடத்தி, மனையியலை ஒரு கல்வியாக்கினார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917இல் அமெரிக்க உணவியலார் சங்கம் தோன்றிற்று. சில ஆண்டுகளில் இன்சுலின் வந்தது. இம்மருந்து வந்தபின் உணவியலார் இல்லாமல் மருத்துவமனை நடக்காது என்றாயிற்று. ஏனெனில் ஊசியின் அளவும் உணவின் அளவும் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும். மிகுந்தாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. "கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்" என்று மருத்துவர் கூறினால் போதாது. அந்தக் கொஞ்சம் எத்தனை கிராம் என்று ஒருவர் கணக்கிட்டுச் சொல்லவேண்டும்.

நம் நாட்டில் 1932இல் டில்லியில் லேடி இர்வின் கல்லூரி தோன்றியது. தமிழகத்தில் இக்கல்வியை நிலைநிறுத்தியவருள் தலையாயவர் டாக்டர் ராஜம்மாள் தேவதாஸ். திருவண்ணாமலைப் பக்கத்துச் செங்கத்தில் 1919இல் பிறந்தவர். நம் வயலுக்கு வந்தோரில் பலர் அந்தப் பழைய வடார்க்காட்டுச் சீமையைச் சேர்ந்தவரே. ஆதலின் அவரை நம் ஊர்ப் பெண் என்று உரிமை கொண்டாடுதல் மிகையன்று. சென்னை இராணி மேரிக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். கல்வி அமைச்சராயிருந்த தி. சு. அவினாசிலிங்கம் 1957இல் கோவையில் பெண்களுக்கென மனையியல் கல்லூரி தொடங்கியபோது, அதை வளர்க்கும் பொறுப்பு இவ்வம்மையாரிடம் வந்தது. 1988இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று, அவர் துணைவேந்தரானார். அவர் மாணவியர் ஆய்வுக்கூடத்தில் மட்டும் நிற்கவில்லை. பள்ளி மதிய உணவைச் சிற்றூர்தோறும் சென்று சுவைத்தும் நிறுத்தும் பார்த்தனர்.

மதிய உணவு என்றதும் நம் நெஞ்சம் நெகிழ்கிறது. 1920இல் சென்னை மாநகராட்சியார் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கினர். 1956இல் காமராசர் மாநிலமெங்கும் பரப்பினார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். 'சத்துணவு' என்னும் பெயரோடு அதனை விரித்தார். இவற்றுக்கிடையே 1975இல் மத்திய அரசின் குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்து, அங்கன்வாடி என்ற சொல் வழக்கில் ஏறியது. ஒவ்வொரு திட்டத்திற்கும் தட்டில் எவ்வளவு பருப்பு, எவ்வளவு எண்ணெய், வாரத்திற்கு எத்தனை முட்டை என்று கணக்கிடுவோர் வேண்டியிருந்தது. களி கிண்டக் காலேஜா என்ற ஆயாவின் கேள்விக்கு ஒரு விடை இங்கே இருக்கிறது. ஒரு பானைக் களி கிண்ட அம்மா போதும்; பல இலட்சம் தட்டுகளுக்குக் கணக்கிட வேதியியலும் உடலியலும் வேண்டும்.

மற்றொரு விடை சென்னையில் உண்டு. 1948இல் டாக்டர் எம். விசுவநாதன் ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். மேனாட்டு நூல்கள், மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்து இறைச்சியும் கொழுப்பும் உண்ணச் சொல்லிக்கொண்டிருந்தன. இட்டிலியும் சோறும் உண்ணும் மக்களிடம் அப்பட்டியலை நீட்டிப் பயன் என்ன? நார்ச்சத்து மிகுந்த தானியம், பருப்பு, கீரை ஆகியவற்றைக்கொண்டே, மாவுச்சத்து மிகுந்த உணவிலும் நோயைக் கட்டுக்குள் வைக்கலாம் என்று அவர் காட்டினார். பிற நாட்டுப் பட்டியலைப் பெயர்த்தெழுதுதல் உணவியல் ஆகாது. உண்பவர் வீட்டுப் பானையை அறிந்தவரே உணவியலார்.

இனி நம் பிள்ளைகளுக்கு வேண்டிய செய்தி. மேல்நிலை வகுப்பில் வேதியியலும் உயிரியலும் எடுத்துப் படித்தல் நலம். அதன்பின் ஊட்டச்சத்தும் உணவியலும் பற்றிய இளம் அறிவியல் பட்டம். அதில் உடலியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், நோய்க்கேற்ற உணவு, சமுதாய ஊட்டச்சத்து, பெருமளவுச் சமையல் ஆகியன உண்டு. பட்டம் பெற்றவுடன் மருத்துவமனை வேலை கிடைத்துவிடும் என்று எண்ணுதல் வேண்டா, ஏமாற்றம் வரும். முதுகலைப் பட்டமோ முதுகலைப் பட்டயமோ பெற்று, மருத்துவமனையில் பயிற்சி முடித்து, 1963இல் தோன்றிய இந்திய உணவியலார் சங்கத்தின் பதிவுத் தேர்வையும் எழுதுவோருக்கே நல்ல இடம் வாய்க்கிறது. 2021ஆம் ஆண்டுத் துணை மருத்துவத் தொழிலாளர் ஆணையச் சட்டம் உணவியலாரையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. மூன்று மாதத் தபால் படிப்பில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு 'டயட்டீஷியன்' என்று பலகை மாட்டுவோரைக் கண்டு மயங்கவேண்டா. பெங்களூரில் மவுண்ட் கார்மெல் கல்லூரியும், வி.எச்.டி. மத்திய மனையியல் நிறுவனமும் உண்டு. பங்காருப்பேட்டையில் வண்டி ஏறினால் காட்பாடி வழியாக வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியை அடையலாம். மைசூரில் 1950இல் தோன்றிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், மருத்துவமனையை விரும்பாமல் உணவுத் தொழிலை நாடுவோர்க்கு ஏற்றது. அதன் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியனும் தமிழரே.

2001இல் சுரங்கம் மூடியபின் நம் வயலின் வாழ்வு மாரிகுப்பம் இரயிலில் தொங்குகிறது என்பதை நாம் யாவரும் அறிவோம். இருள் பிரியுமுன் எழுந்து, பெங்களூர் சென்று, இருட்டியபின் திரும்பும் பிள்ளைகள் எத்தனை பேர்! அவ்வண்டியில் கணிப்பொறி படிப்போர் உண்டு. கடைகளில் நிற்போர் உண்டு. காவல் வேலைக்குப் போவோர் உண்டு. உணவியல் படிப்போர் மிகச் சிலர். அத்தனை தூரம் சென்றுவரும் பிள்ளை காலையில் என்ன உண்டாள் என்று கேட்டால், தேநீரும் இரண்டு பிஸ்கத்தும் என்கிறாள். அம்மாவோ மதியத்திற்கு டப்பாவில் வெறும் எலுமிச்சைச் சோறு கட்டுகிறார். நம் லைன் வீடுகளில் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் இல்லாத வீடு அரிது. தூசியை உண்டு நுரையீரல் தேய்ந்த முதியோரும் இன்னும் இருக்கின்றனர். நோயாளிகள் இங்கே, படிப்பு அங்கே. இவ்விரண்டையும் இணைக்கத் தங்கவயல் தமிழும் கன்னடமும் அறிந்த நம் பிள்ளைகளைவிடத் தகுந்தவர் யார்?

கேழ்வரகும் இதற்குள் மறுபிறவி எடுத்துவிட்டது. மாண்டியாவில் லட்சுமணையா என்னும் பெரியார் நம் நாட்டுக் கேழ்வரகையும் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் இணைத்து 'இண்டாஃப்' வகைகளை உண்டாக்கி விளைச்சலைப் பெருக்கினார். 2023ஐ ஐக்கிய நாடுகள் சபையார் சிறுதானிய ஆண்டு எனக் கொண்டாடினர். நம் ஆயா மூடி மறைத்த களியைப் பெங்களூர் உணவு விடுதிகளில் விலை சொல்லி விற்கின்றனர்.

சென்ற ஆண்டு விழாவில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. உணவியல் பயின்று பெங்களூரில் பணிபுரியும் நம் காலனிப் பெண் ஒருத்தி ஒரு மேசையருகே அமர்ந்திருந்தாள். சுரங்கத்தில் முப்பதாண்டு உழைத்த முதியவர் ஒருவர், சர்க்கரைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவளிடம் போகலாமா வேண்டாமா என்று நெடுநேரம் தயங்கி நின்றார். முன்பு எங்கோ ஒரு மருத்துவமனையில், ஓட்ஸும் ஆப்பிளும் எழுதிய ஆங்கிலத் தாளைக் கொடுத்தனுப்பியிருந்தார்களாம். அவள் எழுந்து வந்து அவரை அழைத்து உட்காரவைத்தாள். "தாத்தா, ராத்திரிக்கு என்ன சாப்பிடுறீங்க?" என்றாள்.

"களிதாம்மா. அதையும் நிறுத்தச் சொல்லிடாதே" என்றார் அவர்.

"நிறுத்த வேணாம் தாத்தா. எத்தனை உருண்டை, எவ்ளோ பெரிசு, கையால காட்டுங்க."

அவர் இரு கைகளையும் சேர்த்துக் காட்டினார். அவள் தன் ஒரு கையைக் குவித்துக் காட்டி, "இவ்ளோ போதும். மிச்ச இடத்துல கீரையும் பருப்பும்" என்று கூறித் தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தாள். அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வெளியே நின்ற தம் மனைவியாரிடம் சென்று, "களி உண்டாம்" என்றார்.